கலாசாலைப் பெயர்களும் அவற்றின் வரலாறும்

கோவிற்பட்டி, சாத்தூர், விருதுநகர், சிவகாசி முதலிய நமது கரிசற்சீமை ஊர்களில் மாணாக்கர் ஒருவரைக் கண்டு, "தம்பி, எந்தக் கலாசாலையில் வாசிக்கிறாய்?" என்று வினவினால், மூன்று நான்கு எழுத்துக்களே விடையாக வரும். ஒருவர் ஜி.வி.என். என்பார். மற்றொருவர் வி.எச்.என்.எஸ்.என். என்பார். பெண்மக்கள் வி.வி.வி. என்றும் எஸ்.எப்.ஆர். என்றும் கூறுவர். அவ்வெழுத்துக்களுக்குப் பின்னே நிற்பவர் யாவர், அப்பெயர் எக்காலத்தில் எக்காரணம்பற்றி இடப்பட்டது என்று மேலும் கேட்போமாயின், பெரும்பாலும் மௌனமே மறுமொழியாகும். மாணாக்கரைக் குறைகூறும் பொருட்டு நாம் இதனை எழுதவில்லை. சொல்லிவைக்க வேண்டியவர்கள் சொல்லிவைத்தார்களில்லை. குறை முதியோராகிய நம்முடையதே. கல்விச்சாலைகளின் பெயர்களைப்பற்றிய பேச்சு இக்காலத்தில் நாட்டில் எழுந்திருத்தலால், இப்பொழுதேனும் அதனைச் சொல்லிவைத்தல் நலமென்று கருதி இக்கட்டுரையை வரையத் துணிந்தோம்.

கோவிற்பட்டிக்கு 1876-இலேயே புகைவண்டி வந்தது. 1901-இல் பயிராராய்ச்சிப் பண்ணை அமைந்தது. பருத்தியும் ஆலைகளும் ஊரை வளர்த்தன. ஆனால் கலாசாலை ஒன்று வருவதற்கு 1966 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டிலேதான் ஜி. வேங்கடசாமி நாயுடு கலாசாலை தோன்றியது. அதற்கு முன்னர் நம் பிள்ளைகள் உயர்கல்வி விரும்பின், தெற்கே பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும், வடக்கே மதுரைக்கும் செல்லவேண்டியவர்களாயிருந்தனர். கடன்வாங்கிப் படித்தவர்களும், உறவினர் கடையில் இரவில் கணக்கெழுதிப் பகலில் படித்தவர்களும் அவர்களுள் உண்டு.

அவர்கள் சென்று தங்கிய இடங்களின் பெயர்களை முதற்கண் நோக்குவோம். பாளையங்கோட்டையிலே மகளிர் கலாசாலைக்குச் சாராள் தக்கர் என்று பெயர். இவ்வம்மையார் இங்கிலாந்து தேசத்தவர்; உடல்நலங் குன்றியவர்; இந்தியாவைக் கண்ணாற் கண்டவரல்லர். இவருடைய சகோதரர் ஜான் தக்கர் என்பார் சென்னையில் மிஷன் காரியதரிசியாய் இருந்தார். அவர்வழியாகத் தென்னாட்டுப் பெண்களின் நிலைமையைக் கேட்டறிந்த அம்மையார், இருந்த இடத்திலிருந்தே நூலெழுதியும் பொருள் திரட்டியும் உதவினார். அவர் 1857-இல் காலஞ்சென்றபின் நண்பர்கள் சேர்ந்து அவர் நினைவாக ஏற்படுத்திய போதனாசாலையே 1895-இல் கலாசாலையாக உயர்ந்தது. திருநெல்வேலிச் சீமையில் எத்தனையோ தலைமுறைப் பெண்கள் "நான் சாராள் தக்கரில் படித்தவள்" என்று பெருமையாய்க் கூறுவர். கூறுவோர் வாயிலெல்லாம் அப்பெயர் ஓர் ஊர்ப்பெயர்போல் ஆகிவிட்டது.

மதுரை அமெரிக்கன் கலாசாலையின் வளாகத்துள் நுழைந்தாலும் இத்தகைய பெயர்களே எதிர்ப்படும். அது 1881-இல் பசுமலையில் தொடங்கி, 1909-இல் வைகைக்கு வடகரையிலுள்ள இப்போதைய இடத்துக்கு வந்தது. பசுமலையில் தலைவராயிருந்த வாஷ்பர்ன், அதனை மதுரைக்குக் கொணர்ந்து நிலைநிறுத்திய சம்ப்ரோ ஆகியோர் பெயர்கள் மாணாக்கர் விடுதிகளுக்கு வழங்குகின்றன. இவர்கள் அக்கலாசாலையிலேயே உழைத்தவர்கள். ஆதலின் இதில் வியப்பில்லை. வியப்புடையது நூலகத்தின் பெயர். டேனியல் பூர் நினைவு நூலகம் என்பது அது. பூர் 1855-இல் இறந்தார். கலாசாலையோ அதற்கு இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னரே தோன்றியது. அங்ஙனமாயின் அவருக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

பூர் என்பார் 1816-இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்தவர். 1823-இல் வட்டுக்கோட்டையில் செமினாரி என்னும் உயர்தரக் கல்விச்சாலையைத் தொடங்கி, அதன் தலைவராயிருந்தார். தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானநூலும் அங்கே ஒருங்கு கற்பிக்கப்பட்டன. அவர் அங்கிருந்து வந்த பின்னரும் அச்சாலை தழைத்தது. கலித்தொகை முதலிய பழைய நூல்களை அச்சேற்றியவரும், சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவருமான சி. வை. தாமோதரம் பிள்ளை அங்குப் பயின்றவரே. பூர் 1830-களில் மதுரைக்கு வந்து சில ஆண்டுகள் பள்ளிகள் பல வைத்து நடத்தினார். பின் யாழ்ப்பாணத்துக்கே மீண்டு, வாந்திபேதி நோய்க்கு இரையானார். ஆகவே அந்நூலகத்தின் பெயர் பொருள் கொடுத்தவரின் பெயருமன்று, கட்டினவரின் பெயருமன்று; ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்னே விதை விதைத்தவரின் பெயர். அமெரிக்க மிஷன்காரரிடத்து நாம் கற்கத்தக்க குணம் இதுவென்று எண்ணுகிறோம். அவர்கள் தம் முன்னோரைப்பற்றிய கடிதங்களையும் வருடாந்தர அறிக்கைகளையும் சேமித்துவைத்தார்கள். அதனால் பெயரிடும் வேளை வந்தபோது யாருக்கு நன்றி கூறவேண்டுமென்பதை அறிந்திருந்தார்கள்.

இது நிற்க. நம்மவர் தாமே ஏற்படுத்திய கல்விச்சாலைகளின் பெயர்களுக்கு வருவோம். விருதுநகர், 1923 வரை விருதுபட்டி என வழங்கிய ஊர். அங்கே சிறுபிள்ளைகள் எழுத்துப் பழகிய சாலை ஒன்றுக்கு ஏனாதி நாயனார் வித்தியாசாலை என்று பெயர். காமராஜர் தம் இளமையில் முதற்கண் வாசித்தது அங்கேதான். இப்பெயரை இட்டவர் எத்துணை யோசனையுடன் இட்டனர் என்பது பெரியபுராணம் கற்றவர்களுக்கே விளங்கும்.

ஏனாதிநாத நாயனார் சோழநாட்டு எயினனூரினர். ஈழக்குலச் சான்றார் மரபினர் என்பது சேக்கிழார் வாக்கு. அறுபத்துமூவருள் நம் முன்னோர் தம் குலத்தவராகக் கொண்டு வழிபட்டவர் இவரே. அதனினும் முக்கியமானது அவர் தொழில். அவர் ஆசிரியர், வாள்வித்தை பயிற்றி, அதனால் வரும் ஊதியத்தை அடியார்களுக்கு வழங்கி வந்தவர். அவரிடம் மாணாக்கர் பெருகவே, அதே தொழிலுடைய அதிசூரன் என்பான் பொறாமை கொண்டு போருக்கழைத்துத் தோற்றோடினான். பின்னர்த் தனியிடத்தில் இருவர் மட்டும் பொருவோமென்று சொல்லியனுப்பி, முன் ஒருநாளும் நீறு பூசாதவன் அன்று நெற்றியில் வெண்ணீறு பூசி, அதனைக் கேடகத்தால் மறைத்துக்கொண்டு வந்தான். சமயம் பார்த்துக் கேடகத்தை விலக்கினான். நீறுகண்ட நாயனார், இவர் சிவனடியார் ஆயினார், இவரைக் கொல்லலாகாது என்று எண்ணினார். ஆயினும் வாளையும் கேடகத்தையும் கீழே போட்டாரில்லை. ஆயுதமில்லாதவரைக் கொன்றார் என்னும் பழி அவருக்கு வரக்கூடாதென்று, ஏந்தியபடியே அசையாது நின்று உயிர்கொடுத்தார். பகைவனுக்கும் பழிவாராமற் காத்த ஓர் ஆசிரியரின் பெயரைப் பள்ளிக்கு இட்ட பெரியோர் கல்லூரிப் பட்டம் பெற்றவர்களல்லர். பருத்தியும் தானியமும் விற்ற வியாபாரிகள்.

அவ்வூரில் பெரிய பள்ளியின் பெயரோ வேறு வகையினது. அது க்ஷத்திரிய வித்தியாசாலை. 1880-களில் நம் உறவின்முறையார் நிறுவியது. இக்காலத்து இளைஞர் இப்பெயரைக் கேட்டுச் சிலசமயம் நகைப்பர். நகைக்குமுன் அக்காலத்தை நினைத்தல் வேண்டும். நம்மவர் பல கோயில்களில் உள்ளே புகலாகாதெனத் தடுக்கப்பட்டிருந்த காலம் அது. 1897-இல் கமுதிக் கோயிலுள் நுழைந்ததற்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு, சீமையிலுள்ள பிரிவி கவுன்சில் வரை சென்று 1908-இல் நமக்கு மாறாகவே முடிந்தது. 1899 ஜூன் மாதத்தில் சிவகாசியில் நேர்ந்த கொள்ளையையும் கொலையையும் நம் குடும்பங்கள் மறந்தனவல்ல. மதுரை மீனாட்சியம்மன் ஆலயக் கதவு, அ. வைத்தியநாத ஐயர் முயற்சியால் ஆதிதிராவிட சகோதரர்களுக்கும் நமக்கும் ஒருசேரத் திறக்கப்பட்டது 1939 ஜூலை 8-ஆம் நாளன்று. வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் தம் பள்ளியின் வாசலில் எழுதிவைத்த விண்ணப்பமே க்ஷத்திரியர் என்னும் அச்சொல். அவ்விண்ணப்பம் வருணத்தின் பேரால் செய்யப்பட்டமை நமக்கு உடன்பாடன்று. பிறர் வைத்த ஏணியில் மேற்படி கேட்பதைக் காட்டிலும் அவ்வேணியே வேண்டாமென்பது மேலான வழக்கு. ஆயினும் அன்றைக்கு அவர்களுக்குத் தெரிந்த மொழி அதுவே.

பெயர் இவ்வாறாக, பொருள் வந்த வழியைப் பாருங்கள். மகமை என்பதை நம் வியாபாரிகள் அனைவரும் அறிவர். கடைக்கு வரும் சரக்கின்மீதும் கடையினின்று போகும் சரக்கின்மீதும் மூட்டைக்கு இவ்வளவு, பொதிக்கு இவ்வளவு என்று ஒவ்வொருவரும் தாமே ஒதுக்கி, உறவின்முறைப் பொதுநிதியில் சேர்ப்பர். முறைகாரர் தம் முறை வரும்போது அதனைத் தண்டிக் கணக்கு ஒப்புவிப்பர். ஆதியில் வண்டிப்பேட்டையும் கிணறும் கோயிலும் மகமையால் உண்டாயின. பின்னர்ப் பள்ளியும் உண்டாயிற்று. கரிசல்நிலத்தின் இயல்பு அறிந்தவர்களுக்கு இதன் அருமை புலனாகும். ஐப்பசி கார்த்திகை மழை தவறினால் கம்பும் இல்லை, சோளமும் இல்லை, பருத்தியும் இல்லை. விளைச்சல் இல்லாத ஆண்டில் மகமையும் சுருங்கும். வாத்தியார் சம்பளமோ சுருங்காது.

அக்குறையை நிரப்பியது பிடியரிசி. வீடுதோறும் உலைவைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியே ஒரு கலயத்தில் இடுவது வழக்கமாயிற்று. அவ்வரிசியை வீடுவீடாகச் சென்று திரட்டிப் பள்ளிச் செலவுக்கு ஆக்கினர். அதனால் க்ஷத்திரிய வித்தியாசாலைக்குப் 'பிடியரிசிப் பள்ளிக்கூடம்' என்னும் மறுபெயரும் ஜனங்கள் வாயில் வழங்கலாயிற்று. நாம் அறிந்த பெயர்களுள் இதற்கு ஒப்பானது வேறில்லை. வாயிற்பலகையில் எழுதப்பட்ட பெயர் ஆடவர் கோரிய உரிமையைச் சொல்கிறது. ஊரார் வாயில் வழங்கிய பெயர் பெண்டிர் கொடுத்த அரிசியைச் சொல்கிறது. அரிசிப்பானை அவர்கள் கையில் இருந்தது. பிடி அவர்கள் பிடி. அவர்களுள் எழுத்தறிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பர்?

அப்பள்ளியில் படித்த காமராஜர், தந்தையை இழந்து இளம்பிராயத்திலேயே படிப்பை விட்டுக் கடையில் அமர்ந்தார். பிற்காலத்தில் முதன்மந்திரியாகி, 1956-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டத்தைக் கோவிற்பட்டிக்கு அணித்தான எட்டயபுரத்திலே தொடங்கினார். ஊரார் தருகிற பொருளைக்கொண்டே அத்திட்டம் ஆதியில் நடந்தது. பிடியரிசியால் நடந்த பள்ளியில் வாசித்தவருக்கு, ஊராரிடம் அரிசி வாங்கிப் பிள்ளைகளுக்குச் சோறிடலாமென்னும் யோசனை அந்நியமாய்த் தோன்றியிராது என்று நாம் கருதுவதில் பிழையிராது.

1947-இல் விருதுநகரில் கலாசாலை பிறந்தது. அதன் முழுப்பெயர் விருதுநகர் இந்து நாடார்கள் செந்திக்குமார நாடார் கலாசாலை. எழுத்துக்களாகச் சுருங்கிய பெயரை விரித்துப் பார்த்தால் ஒரு சரித்திரமே அதனுள் அடங்கியிருக்கிறது. முதலில் ஊர், அதன்பின் சமயம், அதன்பின் குலம், கடைசியில்தான் ஒரு தனிமனிதர். ஏனாதி நாயனாரும் இல்லை, க்ஷத்திரியரும் இல்லை. 1921-இல் சர்க்கார் ஏடுகளில் நாடார் என்னும் பெயர் ஒப்புக்கொள்ளப்பட்டபின், வேறு பெயரின் மறைவு நமக்கு வேண்டியிருக்கவில்லை. தேசம் சுதந்திரமடைந்த ஆண்டிலே தம் பெயரைத் தாமே தயக்கமின்றி எழுதியவர்கள் அவர்கள்.

அதற்குப் பின்வந்த கலாசாலைகளின் பெயர்களில் தனிமனிதர் முன்னே வந்துவிட்டனர். விருதுநகரில் 1962-இல் வி. வி. வன்னியப்பெருமாள் மகளிர் கலாசாலையும், சிவகாசியில் 1963-இல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கலாசாலையும், 1968-இல் ஸ்டாண்டர்டு பயர்ஒர்க்ஸ் இராஜரத்தினம் மகளிர் கலாசாலையும் தோன்றின. தீப்பெட்டித் தொழிலைக் கல்கத்தாவுக்குப் போய்க் கற்றுவந்து சிவகாசியில் நாட்டிய இருவருள் அய்ய நாடார் ஒருவர். மற்றவர் சண்முக நாடார். அய்ய நாடார் பெயரோடு அவர் மனைவியார் பெயரும் சேர்ந்து நிற்பதை நாம் மிகவும் பாராட்டுகிறோம். கோவிற்பட்டியிலும் துரைச்சாமி நாடார் மாரியம்மாள் கலாசாலை என்று அவ்வாறே தம்பதிகளின் பெயர் விளங்குகிறது. தக்கர் அம்மையாருக்குப் பிறகு நம் சீமைக் கலாசாலைப் பெயர்களில் பெண்கள் இங்ஙனம் மெல்ல இடம்பெற்றது நல்ல காரியமே. கணவர் பெயரைப் பற்றிக்கொண்டு வந்தாலும் வந்தார்களே என்று மகிழலாம்.

நம் அண்டையிலுள்ள பிற சமூகத்தாரும் இவ்வாறே செய்துள்ளனர். சாத்தூரில் எஸ். இராமசாமி நாயுடு நினைவுக் கலாசாலையும், அருப்புக்கோட்டையில் நெசவாளரான தேவாங்கர்கள் கண்ட கலாசாலையும் உண்டு. 1984-இல் தோன்றிய இரு பொறியியற் கலாசாலைகள் புதுவழியிற் சென்றன. கோவிற்பட்டியினர் யாரொருவர் பெயரும் இன்றி 'நேஷனல்' என்று தேசத்தின் பெயரையே வைத்துக்கொண்டனர். சிவகாசியிலோ மெப்கோ ஷ்லெங்க் என்றிட்டனர். உலோகப்பொடி செய்யும் கம்பெனியின் பெயரும், அதனோடு கூட்டாயிருந்த ஜெர்மானியக் கம்பெனியின் பெயரும் சேர்ந்து அப்பெயர் ஆயிற்று. வானவேடிக்கைக்குப் பளபளப்பைத் தரும் உலோகப்பொடி ஒரு கலாசாலைக்குப் பெயரையும் தந்ததென்றால், சிவகாசிக்கு அது பொருத்தமன்று என்று யார் சொல்லவல்லார்?

பெயர்களால் கலகமும் விளைந்ததுண்டு. 1985-இல் விருதுநகரைத் தலைநகராகக்கொண்டு அமைந்த ஜில்லாவுக்குக் காமராஜர் பெயர் இடப்பட்டது. அடுத்த ஆண்டில் தூத்துக்குடி ஜில்லா வ. உ. சிதம்பரனார் பெயரைப் பெற்றது. இவ்விருவரும் குலத்துக்கு உழைத்தவர்களல்லர்; தேசத்துக்கு உழைத்துச் சிறை சென்றவர்கள். ஆயினும் தலைவர்களைச் சாதிக்கு ஒருவராகப் பங்கிட்டுக்கொள்ளும் துர்ப்புத்தி நம் நாட்டில் வளர்ந்தது. தென் ஜில்லாக்களில் பூசல்கள் மிகுந்து, 1997-இல் தலைவர் பெயர் கொண்ட ஜில்லாக்கள் யாவும் தலைநகரின் பெயராலேயே வழங்கப்படலாயின. காமராஜர் ஜில்லா விருதுநகர் ஜில்லாவாயிற்று. அப்போது நம்மவருள் வருந்தினோர் பலர். வருந்தியது இயல்பே, ஆனால் காமராஜரை நம் வீட்டுப் படமாகச் சுருக்கியதில் நமக்கும் பங்கில்லையா என்று அன்றே கேட்டிருக்கவேண்டும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணாக்கன் ஒருவன், உடன்படித்த பிள்ளைகளாலேயே சாதிப்பகைமை காரணமாக வீடுபுகுந்து வெட்டப்பட்டான். அதன்மேல் அரசாங்கத்தார், உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்து ஓய்வுபெற்ற கே. சந்துருவைக்கொண்டு விசாரணை நடத்தினர். அவர் 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளிப் பெயர்களிலுள்ள சாதிச்சொற்களை நீக்கவேண்டுமென்பதும் ஒரு யோசனை. இதுபற்றி நம் அங்கத்தினருள் இருவேறு கருத்து உண்டு. நம் பாட்டன்மார் உழைப்பை அழிக்கிறார்கள் என்று சிலர் மனம் புழுங்குகின்றனர். அவர்கள் மனவேதனையை நாம் அறிவோம்.

ஆயினும் அவர்களுக்கு ஒரு பழைய செய்தியை நினைவூட்டுகிறோம். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மகாநாட்டில், சாதியைக் குறிக்கும் பட்டங்களை விடவேண்டுமென்று தீர்மானம் செய்யப்பட்டது. அம்மகாநாட்டுக்கு அக்கிராசனம் வகித்தவர் பட்டிவீரன்பட்டி டபிள்யூ. பி. ஏ. சௌந்திரபாண்டியனார், நாடார் மகாஜன சங்கத்துக்குத் தலைவராக விளங்கியவர். சங்கத்தையும் நடத்தினார், பட்டம் வேண்டாமென்ற கூட்டத்துக்கும் தலைமை தாங்கினார். இரண்டும் முரண் என்று அவருக்குத் தோன்றவில்லை. சென்னையில் பாண்டி பஜார் என்னும் கடைவீதிக்குப் பெயர் அவராலேயே வந்ததென்பர். அவ்வீதியில் துணிவாங்கப் போகும் லட்சோபலட்சம் ஜனங்கள் அவர் குலத்தை நினைப்பதில்லை.

பெயர்ப்பலகையிலிருந்து ஒரு சொல் போவதால் நம் வரலாறு போய்விடுமாயின், அது முன்னரே போய்விட்டது என்பதே பொருள். மூன்று எழுத்துக்களால் தம் கலாசாலையைக் குறிக்கும் பிள்ளைக்கு, அப்பலகையில் குலப்பெயர் இருந்தென்ன, இல்லாதென்ன? இக்காலத்தில் அச்சாலைகளில் எல்லாக் குலத்துப் பிள்ளைகளும் கூடி வாசிக்கின்றனர். அவர்கள் அனைவருக்கும் மகமையின் கதையும் பிடியரிசியின் கதையும் தெரியவேண்டும். ஏனாதி நாயனாரின் கதை அதிசூரனின் பிள்ளைகளுக்கும் தெரியத்தக்கதன்றோ?

அதற்கு வேண்டிய சாதனங்களே இப்பொழுது அழிந்துவருகின்றன. உறவின்முறை நாள்வழிகளும் பேரேடுகளும், மகமைத் தண்டற் சீட்டுகளும், பள்ளிக் கட்டடத்துக்குக் கொடுத்தோர் ஜாபிதாக்களும் பழைய கடைகளின் பரண்களிலும் முறைகாரர் வீட்டுப் பெட்டிகளிலும் கரையான் வாய்ப்பட்டுக் கிடத்தல் கூடும். கடையை இடித்துக் கட்டும்போது அவற்றைப் பழைய காகிதமென்று நிறுத்து விற்றுவிடவேண்டாமென அங்கத்தினரை மிகவும் வேண்டிக்கொள்கிறோம். அவற்றை வைத்திருப்பவர்கள் சங்கக் காரியாலயத்துக்கு ஒருவரி எழுதினால் போதும். ஆள் அனுப்பிப் படியெடுத்துக்கொண்டு மூலத்தை அவர்களிடமே திருப்பித் தருவோம். எண்பது வயதுக்கு மேற்பட்ட ஆச்சிமார் வீட்டில் இருப்பின், பிடியரிசிக் கலயம் எங்கே இருந்தது, அரிசி வாங்க யார் வந்தார்கள், எந்த வருஷத்தோடு அவ்வழக்கம் நின்றது என்று அவர்கள் தாய்மார் சொல்லக் கேட்டவற்றை வினவி, அவர்கள் சொன்னபடியே எழுதி அனுப்புக. எழுத்துப்பிழைகளைத் திருத்தவேண்டியதில்லை.